பினாங்கில் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைப்பது: நட்சத்திர எழுத்து முதல் ஜேபிஎன் கவுண்டர் வரை

தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்தால் 60 நாட்களுக்குள் தேசியப் பதிவிலாகாவில், அதாவது நாம் ஜேபிஎன் என்று சொல்லும் இடத்தில், பதிந்துவிட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் போனால் கட்டணம் கிடையாது. தாண்டிவிட்டால் தாமதப் பதிவு, அதற்குத் தனிக் கட்டணம், தனி விளக்கம், இரட்டை அலைச்சல். 60 நாள் என்பது கேட்க நிறையத் தெரியும். பத்தியத்திலேயே ஒரு மாதம் ஓடிவிடும். நடுவில் தைப்பூசமோ தீபாவளியோ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கடைசி வாரத்தில் கைபேசியைத் தட்டி, வந்த முதல் பட்டியலில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடுகிறவர்கள் நம்மில் அதிகம்.

வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டால் மூச்சு வாங்காது. வளைகாப்புச் சமயத்தில் ஒரு பட்டியல். பிறந்த முதல் வாரத்தில் நட்சத்திரம் பார்த்து அந்தப் பட்டியலைச் சுருக்குவது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் ரூமி எழுத்தை, அதாவது மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான ஏ, பி, சி எழுத்துகளில் பெயரை எப்படி எழுதுவது என்பதை, முடிவு செய்வது. 30-ஆம் நாள் பெயர் சூட்டுகிற வீடென்றால் அதற்குள் எல்லாம் தீர்ந்திருக்கும். அப்புறம் நிதானமாக ஜேபிஎன். இதில் பலரும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவது ரூமி எழுத்து வேலையைத்தான். அதிக நேரம் கேட்பதும் அதுதான்.

யார் பட்டியல் போடுவது

எல்லோரும் போடட்டும். ஆனால் முடிவு செய்கிறவர்கள் இரண்டே பேர், குழந்தையின் அப்பாவும் அம்மாவும். இதை வளைகாப்பு அன்றே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பிறந்த பிறகு சொன்னால் சண்டையாகக் கேட்கும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு மட்டும் வைக்காதீர்கள். தோற்ற பெயரைச் சொன்ன சித்தப்பா, பிள்ளை ஐந்தாம் வகுப்புப் போகும்வரை அந்தப் பெயரை நினைவுபடுத்துவார். ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், "பார்க்கிறோம் மாமா" என்று வையுங்கள். பாட்டிகளிடம் மட்டும் கூடுதலாக உட்கார்ந்து பேசுங்கள். குலதெய்வத்தின் பெயர், இறந்துபோன தாத்தாவின் பெயர், பிறந்து தங்காமல் போன பிள்ளைக்கு வைத்திருந்த பெயர் எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கடைசியாகச் சொன்னதை மறுபடி வைக்கக் கூடாது என்று நினைக்கும் வீடுகள் உண்டு. அது பதிந்த பிறகு தெரியவந்தால் சங்கடம்.

தாத்தா பெயரை அப்படியே வைக்கத் தயக்கமாக இருந்தால் அதன் பொருளை எடுத்துக்கொள்ளலாம். ஆறுமுகத்தின் பேரன் குமரன், வேலன், சேந்தன் யாராக இருந்தாலும் முருகன்தான். தாத்தா மறுக்க மாட்டார்.

நட்சத்திர எழுத்து: முதலில் கடிகாரத்தைச் சரிபாருங்கள்

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. மகத்துக்கு ம, மி, மு, மே. நிலா ஒரு பாதத்தைக் கடக்கச் சுமார் 6 மணி நேரம் எடுக்கும். அதனால் பிறந்த நேரத்தில் இரண்டு மூன்று மணி பிசகினால் எழுத்தே மாறிவிடலாம்.

இங்கேதான் பிசகு நடக்கிறது. வீட்டில் இருக்கும் பஞ்சாங்கம் தமிழ்நாட்டில் அச்சானது, அதிலுள்ள நேரம் இந்திய நேரம். நம் நேரம் அதைவிட இரண்டரை மணி முன்னால். பஞ்சாங்கத்தில் ரோகிணி இரவு 9.40 வரை என்று போட்டிருந்தால், இங்கே நள்ளிரவு தாண்டி 12.10 வரை ரோகிணிதான். அன்றிரவு 11 மணிக்கு பினாங்கில் பிறந்த குழந்தைக்கு நேரத்தை மாற்றாமல் பார்த்தால் மிருகசீரிடம் என்று வரும். செயலியில் பார்க்கிறவர்கள் பிறந்த ஊராக ஜார்ஜ்டவுன் என்றோ கோலாலம்பூர் என்றோ கொடுத்தால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். சென்னையில் இருக்கும் ஜோதிடருக்கு வாட்ஸ்அப்பில் நேரம் அனுப்புகிறவர்கள் 'மலேசிய நேரம்' என்று சேர்த்து எழுதுங்கள்.

இன்னொரு கடிகாரச் சிக்கல் அப்பா அம்மா ஜாதகத்தில் வரும். 1982 ஜனவரி 1 அன்றுதான் தீபகற்பத்தின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களின் ஜாதகத்தை இன்றைய நேரக் கணக்கில் போட்டால் அந்த அரை மணி உதைக்கும்.

அப்புறம், பஞ்சாங்கத்துக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். பினாங்கில் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான் வெளிச்சம் வரும். செவ்வாய்க்கிழமை காலை 6.30-க்குப் பிறந்தது பஞ்சாங்கப்படி திங்கள்கிழமைக் குழந்தை. 16-ஆம் நாள், 30-ஆம் நாள் எண்ணும்போது இதை வைத்து வீட்டில் ஒரு விவாதம் நடக்கும். எதிலிருந்து எண்ணுவது என்று பூசாரியிடம் கேட்டு முடித்துவிடுங்கள். பதிவிலாகாவுக்கு நள்ளிரவுக் கணக்குதான்.

சரி, எழுத்து கிடைத்துவிட்டது. அஸ்தத்துக்கு பு, ஷ, ண, ட என்று வந்தால் என்ன செய்வது? ண, ட இரண்டும் தமிழில் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள். சில நட்சத்திரங்களுக்குப் பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் எழுத்து மாறவும் செய்யும். நம் வீடுகளில் பழக்கத்தில் இருக்கும் வழிகள் மூன்று: அதே நட்சத்திரத்தின் வேறு பாதத்து எழுத்தை எடுப்பது, ராசிக்குரிய மற்ற எழுத்துகளில் தேடுவது, நட்சத்திரப் பெயரைக் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் பத்திரத்துக்கு வேறு பெயர் வைப்பது. எனக்கு மூன்றாவது பிடிக்கும். கோயில் அர்ச்சனைக்கு ஒரு பெயர், பள்ளிக்கு ஒரு பெயர் என்று வாழ்ந்தவர்கள் நம் முந்திய தலைமுறையில் ஏராளம். ஓர் எழுத்துக்காக வாயில் நுழையாத பெயரைப் பிள்ளை தலையில் கட்ட வேண்டாம்.

என்ன மாதிரிப் பெயர்

நம் நாட்டில் பெயரைப் பார்த்தே தலைமுறையைச் சொல்லிவிடலாம். தோட்டத்தில் பிறந்தவர்கள் முனியாண்டி, வீரம்மா, பெருமாள், லெட்சுமி. அவர்கள் பிள்ளைகள் லோகேஸ்வரி, பரமேஸ்வரி, கணேசன், சரவணன். அதற்கடுத்தவர்கள் தர்ஷினி, யுவராஜ், திவ்யா. இப்போது வகுப்பில் கூப்பிட்டால் கவினேஷ், தஷ்வின், லவனேஷ், யஷ்வின் என்று பாதி வகுப்பு எழுந்து நிற்கும்.

இந்தக் கடைசி வகையில் பலவற்றுக்குப் பொருள் கிடையாது. ஓசை நன்றாக இருக்கிறது, நட்சத்திர எழுத்தில் தொடங்குகிறது, எண் பொருந்துகிறது, அவ்வளவுதான். பொருள் இல்லாவிட்டால் பெயரே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கலாம். ஆனால் பிள்ளை ஏழு வயதில் "என் பெயருக்கு என்ன அர்த்தம்மா?" என்று கேட்கும், தமிழ்ப்பள்ளியில் அதையே வீட்டுப்பாடமாகவும் கொடுப்பார்கள். அன்றைக்குச் சொல்ல ஒரு வரியாவது கையில் இருக்கட்டும். கவின் பிடித்திருந்தால் கவினையே வையுங்கள், அழகு என்று பொருள். நேஷ் ஒட்ட வேண்டிய அவசியம் என்ன?

தனித்தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே நல்ல வரவேற்பு இருக்கிறது. இனியன், நிலவன், எழிலன், யாழினி, தேன்மொழி, மகிழினி, கயல், முகிலன் எல்லாம் தாராளமாகக் காதில் விழுகின்றன. இவற்றை எழுதும்போது ழகரம் ஒரு சோதனை வைக்கும், கீழே சொல்கிறேன்.

பினாங்கில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் தேர்வு வேறு மாதிரி. அரபுப் பெயர், ஏழாம் நாள், நடுவில் 'பின்' (மகன்) அல்லது 'பிந்தி' (மகள்). கிறிஸ்தவ வீடுகளில் ஞானஸ்நானப் பெயரோடு ஒரு தமிழ்ப் பெயரும் சேர்ந்து வரும். ரூமி எழுத்து பற்றிச் சொல்லப்போவது அவர்களுக்கும் பொருந்தும்.

ரூமி எழுத்து

பிறப்புப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் ரூமியில்தான் ஏறும். மைகிட் என்ற குழந்தை அட்டை, 12 வயதில் மைகாட் என்ற அடையாள அட்டை, கடப்பிதழ், எஸ்பிஎம் தேர்வுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று எல்லாம் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நகல் எடுக்கும். அதைப் படிக்கப்போகிறவர்களில் பலர் மலாய்க்காரர்கள். அவர்கள் மலாய் உச்சரிப்பில்தான் படிப்பார்கள். நாமோ ஆங்கிலப் பழக்கத்தில் எழுதுகிறோம். இடி அங்கேதான் விழுகிறது.

நெடிலைக் காட்ட இரண்டு ஏ போடுவது நம் வழக்கம். மலாயில் இரண்டு ஏ என்றால் இரண்டு அசை. மன்னிப்புக்கு அவர்கள் சொல்லும் மஆஃப் என்ற சொல்லைக் கவனியுங்கள், நடுவில் ஒரு வெட்டு விழும். மாறன் என்ற பெயரை இரண்டு ஏ போட்டு எழுதினால் கிளினிக்கில் தாதி 'ம-ஆரான்' என்று கூப்பிடுவார். ஒரே ஏ போட்டால் பிரச்சினை தீர்ந்தது, மலாய்க்காரர் தானாகவே நீட்டித்தான் படிப்பார். அதேபோல் இரண்டு ஓ போட்டு பூ என்று படிக்கவைப்பது ஆங்கிலம் பழகியவரிடம்தான் எடுபடும். பூங்கொடிக்கும் பூர்ணிமாவுக்கும் ஒரு யூ போதும்.

ஈ என்ற ரூமி எழுத்து மலாயில் இரண்டு வேலை செய்யும். ஒன்று எ, இன்னொன்று வாய் திறக்காமல் சொல்லும் ஒரு மழுங்கல் ஒலி. எழில், செல்வி, தென்றல் எல்லாம் எந்தப் பக்கமும் போகலாம். இதற்கு மருந்து கிடையாது. முதல் நாள் ஆசிரியரிடம் பிள்ளையே சொல்லித் திருத்தும், பழகிவிடும்.

பெயரின் கடைசியில் வரும் ஆ கோலாலம்பூர் பக்கம் போனால் மழுங்கிவிடும். அவர்கள் சயா என்பதைச் சயெ என்பதுபோல் கவிதாவைக் கவித்தெ ஆக்குவார்கள். வடக்கே நம் பினாங்கு, கெடா மலாயில் கடைசி ஆ அப்படியே ஆவாக நிற்கும். இந்த விஷயத்தில் பினாங்குப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

தகரத்துக்கு டி-யோடு எச் சேர்ப்பது பழைய வழக்கம், அதை விட வேண்டாம். மலாய்க்காரர் எச்சை விழுங்கிவிட்டுப் படித்தாலும் அவர்களின் டி நம் தகரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சகரத்தில்தான் யோசிக்க வேண்டும். 1972-இல் மலாய் எழுத்துமுறை சீர்திருத்தம் வந்தபோது சி-எச் போய் வெறும் சி வந்தது. சாருவைத் தனிச் சி போட்டு எழுதினால் மலாய்க்காரர் சரியாகப் படிப்பார், வெளிநாட்டில் அதுவே 'கரு' ஆகிவிடும். சி-எச் போட்டால் இரு பக்கமும் பிழைக்கும்.

இனி ழகரம். யாழினியை இசட்-எச் போட்டு எழுதுவது தமிழ்நாட்டு வழக்கம். இங்கே அதை 'யாஸினி' என்றுதான் படிப்பார்கள், அது முஸ்லிம் பெயர் மாதிரி ஒலிக்கும், கவுண்டரில் கேள்வியும் வரலாம். எல் போட்டால் யாலினி. ழகரம் போய்விட்டது என்று மனம் வலிக்கும். என் யோசனை எல்தான். தமிழ் என்ற சொல்லையே உலகம் முழுக்க எல் போட்டு எழுதிவிட்டு நாம் யாரும் வாய்விட்டு அழவில்லை. தமிழில் எழுதும்போது ழகரம் அப்படியே இருக்கிறது, வீட்டில் கூப்பிடும்போதும் இருக்கிறது. இசட்-எச்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். பிள்ளை வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் தெரிந்து போடுங்கள்.

சோதனை எளிது. முடிவு செய்த ரூமி எழுத்தை ஒரு தாளில் எழுதுங்கள். தமிழ் தெரியாத ஒரு மலாய்க்காரரிடமும் ஒரு சீனரிடமும் காட்டி, எதுவும் சொல்லாமல் படிக்கச் சொல்லுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு மதிய உணவு நேரத்திலேயே இரண்டு பேர் கிடைத்துவிடுவார்கள். அவர்கள் வாயிலிருந்து வந்தது உங்களுக்கு ஏற்றதாக இருந்தால் சரி. இல்லையென்றால் ஓர் எழுத்தை மாற்றிவிட்டு மறுபடி காட்டுங்கள்.

பக்கத்து வீட்டுக் காது

பொருள் சிக்கலுக்கு வருவோம். இதைச் சிரித்துக்கொண்டே பார்க்கலாம், ஆனால் பார்க்காமல் விடக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் கண்டிப்பாகப் பார்ப்பார்கள்.

மதி என்ற பெயரில் எச் விட்டுப்போனால் ரூமியில் அது மலாய் 'மாத்தி', சாவு. எச் சேர்த்தால் தீர்ந்தது. பாலா என்றால் மலாயில் பேரிடர். சீதாவின் ரூமி வடிவத்துக்கு மலாயில் பறிமுதல் என்று பொருள். அனு என்பது பெயர் வாயில் வராதபோது 'அது, அந்த இது' என்று இழுக்கும் சொல். குணா என்றால் பயன், 'தாக் குணா' என்றால் ஒன்றுக்கும் உதவாதது. மணி என்று தனியாக வந்தால் என்னவென்று நான் எழுத மாட்டேன், மலாய் அகராதியைப் பாருங்கள். மாலா என்றால் இன்றைய சீன நண்பர்களுக்கு நாக்கு மரத்துப்போகும் மாலா சூப்தான் நினைவுக்கு வரும். பினாங்குச் சீனர்கள் பேசும் ஹொக்கியெனில் சாய் என்பது மலம். சாய்ராம், சாய்பிரியா என்று பக்தியோடு வைக்கிற வீடுகள் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

நிலாவுக்கு இரண்டு முகம். மலாயில் நீலா என்றால் நீலச் சாயம். ஒரு சொட்டு நீலத்தால் ஒரு பானைப் பால் கெட்டது என்ற பழமொழியை எல்லாப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள், பழமொழிப் பாடம் வரும் வாரத்தில் நிலாக்கள் கொஞ்சம் கேலியைத் தாங்க வேண்டும். இன்னொரு பக்கம், சிங்கப்பூரை நிறுவியதாக மலாய் வரலாற்றுக் கதை சொல்லும் இளவரசர் சாங் நீலா உத்தாமா. பதிலுக்கு அந்தப் பெயரை எடுத்துவிடச் சொல்லிக்கொடுங்கள்.

நல்ல பக்கமும் உண்டு. சுசீலா என்றால் மலாயிலும் நன்னடத்தைதான். சூர்யாவும் ஜெயாவும் அங்கேயும் சூரியனும் வெற்றியும். முத்து என்று வைத்தால், பினாங்குக்கே மலாயில் முத்துத் தீவு என்று ஒரு செல்லப்பெயர் உண்டு.

இந்தப் பட்டியலைப் பார்த்து மிரண்டுபோய்ப் பெயரைக் கைவிட வேண்டாம். எத்தனையோ பாலாக்கள் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் இருக்கிறார்கள், மலாய் நண்பர்கள் பேரிடரை நினைத்தா கூப்பிடுகிறார்கள்? என் அளவுகோல் இது: தனிச் சொல்லாக நின்றால் யோசியுங்கள், நீளப் பெயரின் பகுதியாக நின்றால் விட்டுவிடுங்கள். பாலமுருகன், மதியழகன், மணிமாறன், குணசீலன் எவருக்கும் ஆபத்தில்லை.

எண்கணிதம்

இதில் நம்பிக்கை உள்ளவர்கள் பார்க்கட்டும், இல்லாதவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம். பார்க்கிறவர்கள் முதலில் எந்த முறை என்று கேளுங்கள். கல்தேயர் முறையில் எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரைதான் மதிப்பு. பித்தகோரஸ் முறையில் 1 முதல் 9 வரை. கவின் என்பதை கே, ஏ, வி, ஐ, என் என்று எழுதினால் கல்தேயர் முறையில் 2, 1, 6, 1, 5, மொத்தம் 15, அதாவது 6. பித்தகோரஸ் முறையில் 2, 1, 4, 9, 5, மொத்தம் 21, அதாவது 3. ஒரே பிள்ளை, இரண்டு எண். ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

கல்தேயர் முறையில் ஓர் ஏ சேர்த்தால் 1 கூடும், ஓர் எச் சேர்த்தால் 5 கூடும். நம் பிள்ளைகள் பெயரில் தேவையில்லாத இடத்தில் ஏகாரமும் எச்சும் வந்து உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுதான். எண்ணுக்காக எழுத்தைக் கூட்டியே தீர வேண்டும் என்றால் படிப்பவர் வாயில் தடுக்காத இடமாகப் பார்த்துக் கூட்டுங்கள். இரட்டை ஏ தடுக்கும் என்று மேலே பார்த்தோம். கணக்கில் அப்பா பெயரும் சேருமா, பிள்ளை பெயர் மட்டுமா என்பதையும் எண்கணிதம் பார்ப்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரத்தில் இருக்கப்போவது முழு வரி.

அப்பா பெயர், சாய்கோடு

நம்மில் பெரும்பாலோருக்குப் பிள்ளை பெயர், பிறகு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். பிள்ளை பெயரை மட்டும் சொல்லிப் பார்த்துவிட்டு விடாதீர்கள். பட்டமளிப்பு மேடையில் அழைப்பதுபோல் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று சேர்த்து முழுசாகச் சொல்லிப் பாருங்கள். அப்பா பெயர் வெங்கடேஸ்வரன் என்றால் பிள்ளைக்கு மூன்று எழுத்தில் முடிப்பதுதான் கருணை.

அப்பா பெயரை அவருடைய மைகாட்டில் இருப்பதுபோலவே, ஓர் எழுத்து மாறாமல் போட வேண்டும். தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், காதில் விழுந்ததை எழுதிய காலத்தில் ஒரே ஆறுமுகத்தின் மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விதமாக அப்பா பெயர் ஏறியிருக்கிறது. ஒருவருக்கு நடுவில் யூ, அடுத்தவருக்கு இரட்டை ஓ, இன்னொருவருக்கு ஜி போய் கே. நிலத்தைப் பங்கு பிரிக்கும் நாளில் மூவரும் உடன்பிறந்தவர்கள் என்று நிரூபிக்கச் சத்தியப் பிரமாணத்தோடு அலைந்த குடும்பங்கள் பல. மூத்த பிள்ளையின் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு இளையதைப் பதியுங்கள்.

எந்தப் பெயரை மறுக்கலாம்

ஆட்சேபத்துக்குரிய பெயரை ஏற்காமல் இருக்கப் பதிவதிகாரிக்கு வழி இருக்கிறது. 2006-இல் வெளிவந்த வழிகாட்டலில் விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம், எண், பட்டப்பெயர் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொன்னார்கள். நிறம் கூடாது, விலங்கு கூடாது என்றால் நம் கருப்பையாவும் நாகம்மாவும் எங்கே போவார்கள் என்று அப்போதே கேட்கத் தோன்றியது. குலதெய்வப் பெயரை வைக்கிறவர்கள் அது தெய்வத்தின் பெயர் என்று கவுண்டரில் பொறுமையாகச் சொல்லத் தயாராகப் போங்கள்.

பெயருக்கு முன் ஒரு பத்திரம்

இந்தப் பகுதியை யாரும் பெயர் விஷயமாக நினைப்பதில்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் சட்டப்படி பதியப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டாலும் பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் இல்லை. அப்போது அப்பாவின் விவரத்தைப் பிறப்புப் பத்திரத்தில் ஏற்ற, இருவரும் சேர்ந்து கேட்டுக் கையெழுத்திட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளையின் குடியுரிமை அம்மாவைத் தொடரும். அம்மா குடியுரிமை இல்லாதவராக இருந்தால் பிள்ளைக்கும் இல்லாமல் போகலாம். அடையாள அட்டை இல்லாமல் தவிக்கும் நம் பிள்ளைகள் சிலரின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே முதல் வேலையாகத் திருமணத்தைப் பதிந்துவிடுங்கள். பல கோயில்களிலேயே உதவிப் பதிவதிகாரிகள் இருக்கிறார்கள்.

கவுண்டர் அன்று

அம்மா பத்தியத்தில் இருப்பார், அப்பா போவார். இதுதான் வழக்கம். அப்பா கவுண்டரில் நின்று, "ஏம்மா, கடைசி எழுத்து வொய்-யா, ஐ-யா?" என்று போனில் கேட்க, பின்னணியில் பிள்ளை கத்த, பாட்டி "யாருப்பா அது, ஜோசியரா?" என்று கேட்க, வரிசையில் பின்னால் இருப்பவர் இருமுவார். இதைத் தவிர்க்க ஒரு தாள் போதும். பிள்ளை பெயரைப் பெரிய ரூமி எழுத்தில், கட்டம் கட்டமாக எழுதி, இருவரும் பார்த்து, பையில் வையுங்கள். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் தானாகத் திருத்தும் வசதி தன் வேலையைக் காட்டிவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: மருத்துவமனை கொடுத்த பிறப்பு உறுதிப் பத்திரம், இருவரின் மைகாட் அசல், திருமணச் சான்றிதழ், அம்மாவின் கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகம். படிவத்தின் பெயர் ஜேபிஎன் எல்எம்01.

பத்திரத்தை இறுதியாக்கும் முன் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்வார்கள். அங்கே நின்றுவிடுங்கள். பெயரை வார்த்தையாகப் படிக்காதீர்கள், கண் தானே நிரப்பிக்கொள்ளும். கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி ஓர் எழுத்தாகப் படியுங்கள். அப்பா பெயரையும் அப்படியே. பெயருக்கு நடுவில் இடைவெளி வேண்டுமா, சேர்த்தா என்பதையும் பாருங்கள். தேன்மொழி இரண்டு சொல்லாகப் பிரிந்துவிட்டால் எல்லோரும் தேன் என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சாகிக் கைக்கு வந்த பிறகு திருத்துவது வேறு மனு, வேறு ஆவணம், வேறு நாள்.

பெயர் சூட்டும் அன்று

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்கு வீடு முறை இருக்கிறது. தட்டில் அரிசி பரப்பிப் பெயரை எழுதுவது, அத்தை பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்வது, தாய்மாமன் சீர், பிறகு சாப்பாடு. அத்தைக்கு முந்திய நாளே பெயரைச் சொல்லி வையுங்கள். மூன்று முறையும் மூன்று விதமாகச் சொன்ன அத்தைகள் இருக்கிறார்கள். அரிசியில் தமிழில் எழுதுங்கள், ரூமிக்கு அங்கே வேலையில்லை. 1833-இல் கட்டப்பட்ட குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலுக்கோ தண்ணீர்மலை முருகனிடமோ முதல் முறையாகப் பிள்ளையைத் தூக்கிப் போகிறவர்கள் அர்ச்சனைக்கு எந்தப் பெயர் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

பிறகு வரும் சில்லறை வேலைகள்

பத்திரத்தில் தமிழ் எழுத்து இருக்காது என்பதால் தமிழில் பெயரை எப்படி எழுதுவது என்பது உங்கள் பொறுப்பு. றகரமா ரகரமா, ளகரமா லகரமா, ஷ வேண்டுமா, எல்லாம் எழுதி வையுங்கள். ஏழு வயதில் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் ரூமியைப் பார்த்துத் தமிழில் எழுதுவார். அவர் ஊகிக்கும் முன் உங்கள் தாளைக் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும். நம் கடப்பிதழில் பெயர் ஒரே வரியாக இருக்கும், குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. அப்பா பெயரைப் போட்டால் உங்கள் மகள் லண்டனில் மிஸ் ஆறுமுகம். விமான டிக்கெட் பதியும் பக்கங்கள் பல சாய்கோட்டை ஏற்பதில்லை. அங்கே கோட்டை விட்டுவிட்டு ஏஎல், ஏபி என்று சேர்த்துப் போடுவதே வழக்கம். பிள்ளையின் முதல் டிக்கெட்டை எடுக்கும் முன் அந்த விமான நிறுவனம் எப்படிப் போடச் சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், குடும்பம் முழுக்க ஒரே மாதிரி போடுங்கள்.